ஆறின கஞ்சியும் அம்மன் கூழும்

1

இன்று அக்கா ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில், நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். என் மகள் யாழினி அங்கே இருக்கிறாள். நான் இங்கே ஃபின்லாந்தில், தாம்பரே நகரத்தில், மூன்றாவது மாடிச் சமையலறையில் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

எதற்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அக்கா ராஜேஸ்வரிக்கு இன்று சாமி வந்ததா, வரவில்லையா என்ற தகவலுக்காக. கல்லூரியில் பகுத்தறிவுப் புத்தகங்களை அடிக்கோடிட்டுப் படித்தவன், பாதி ஆயுளை மென்பொருளில் பிழை கண்டுபிடித்துக் கழித்தவன், இதற்குப் போய்க் கவலைப்படுவானா என்று நீங்கள் கேட்கலாம். காலையிலிருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

தாம்பரே என்றால் ஊரில் யாருக்கும் பிடிபடுவதில்லை. அக்காவின் எதிர்வீட்டுக்காரர்கள் நான் தாம்பரத்தில் இருப்பதாகவே இன்றும் நம்புகிறார்கள். "தோ இருக்கிற தாம்பரம். ஒரு பஸ்ஸு ஏறுனா வந்துடலாம். வர மாட்டேன்றான் பாரு" என்று அக்காவிடம் ஆதங்கப்படுவார்களாம். அக்கா திருத்துவதில்லை. திருத்தினாலும் குற்றச்சாட்டு அப்படியேதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

2

யாழினி ஒரு இசைக்குழுவில் சிந்தசைசர் என்கிற மின்னிசைக் கருவியை வாசிக்கிறாள். குழுவின் பெயருக்கு 'ஆறின கஞ்சி' என்று பொருள். ஃபின்னிஷ் மூலத்தை இங்கே எழுதாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. அதன் முதல் சொல்லைத் தமிழில் எழுதினால் வசவுபோல் ஒலிக்கும், நம்மூர்ச் சுவரொட்டியில் ஒட்ட முடியாது.

அவளைத் தவிர குழுவில் மூன்று பேர், மூவரும் என் வயதுக்காரர்கள். தலைவர் பெக்கா. பகலில் குடிநீர்க் குழாய்களைக் கவனிப்பவர். மற்ற இருவரின் பெயரும் யூஹா. பெரிய யூஹா, சின்ன யூஹா என்று உயரத்தை வைத்து நான்தான் பிரித்துக்கொண்டேன். நால்வரும் சாம்பல் நிற மழைக்கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு மேடையேறுவார்கள். எதிரே பழைய தொலைபேசி நிலையத்தைப் பிரித்துப் பரப்பியதுபோல் திருகுகளும் ஒயர்களும். பாட்டெல்லாம் வீட்டு விவகாரம். பாத்திரம் காயவைக்கும் அலமாரியைப் போற்றி ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டக் குறிப்பை அப்படியே பாடுவது ஒன்று. மிகப் பிரபலமானது, விடியலில் வந்து தெருவில் பனி வாரும் வண்டியைப் பற்றியது. பெக்காவின் குரலை இயந்திரத்துக்குள் விட்டு எடுப்பதால், தகர டிரம்முக்குள் யாரோ மாட்டிக்கொண்டு நியாயம் கேட்பதுபோல் இருக்கும்.

தாளத்தை ஒரு பெட்டிக்குள் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். பெட்டி நிற்கிற இடத்தில் பாட்டு முடியும். முடிந்ததும் நால்வரும் தலையைக் குனிந்து அசையாமல் நிற்பார்கள். கூட்டமும் அசையாது. முதல் கச்சேரிக்குப் போனபோது எனக்குப் பாவமாக இருந்தது. "ஏன் யாருமே கை தட்டல?" என்று பிறகு பெக்காவிடம் கேட்டேன். "பிடித்திருந்தது" என்றார் அவர். இதற்குமேல் விளக்கம் தருவது இந்த நாட்டில் அநாகரிகம்.

யாழினிக்கு வீணை கற்றுக்கொடுக்க நினைத்தவன் நான். சனிக்கிழமைகளில் பனியில் காரை ஓட்டிப் போய் வகுப்பு வாசலில் காத்திருந்திருக்கிறேன். அவள் ஒருநாள் வீணையின் அடியில் ஒரு மைக்கை ஒட்டி, அந்த ஒலியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். அத்துடன் வீணை முடிந்தது. பதினெட்டு வயதானதும் இங்கே எல்லாப் பிள்ளைகளும் செய்வதுபோல் தனி வீடு பார்த்துப் போனாள். இப்போது எங்களைப் பார்க்க வருவதற்கு இரண்டு ஞாயிறுகளைக் குறிப்பிட்டு எது வசதி என்று குறுஞ்செய்தி அனுப்புவாள். என் மனைவி, "ரெண்டுமே வசதிதான்னு போடுங்க" என்பாள். போடுவேன். ஒன்றுக்குத்தான் வருவாள்.

தமிழ் பேசுவாள். அது என்னிடம் கற்ற தமிழ் அல்ல, அத்தையோடு வீடியோவில் பேசிப் பேசி வந்தது. அதனால் ஃபின்னிஷ் யோசனைகளை அச்சு அசல் கீழ்பென்னாத்தூர் வட்டாரத் தமிழில் சொல்லுவாள்.

3

அக்காவின் கதைக்கு வருகிறேன்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, இருந்தவரை ஒவ்வோர் ஆடியிலும் பம்பை மேளக்காரர்கள் அம்மனை வர்ணித்துப் பாடத் தொடங்கியதும் அக்காவுக்குச் சாமி வந்துவிடும். சாமி வந்து "ஊத்துங்கடா" என்று உத்தரவு கொடுத்த பிறகுதான் அண்டாவிலிருந்து முதல் செம்புக் கூழை எடுப்பார்கள். மற்ற நாட்களில் அக்கா அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று ஊர்த் தலைவரையே "வாடா இங்க" என்பாள். அவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவார்.

மாமா மாரடைப்பில் போனார். அடுத்த ஆடியில் அக்காவைப் பின்னால் நில் என்று யாரும் சொல்லவில்லை. அவளே போய்ப் பின்னால், அண்டா கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டாள். முன்னால் வா என்றும் யாரும் சொல்லவில்லை. பம்பைச் சத்தம் அங்கேயும் கேட்டது. சாமி வரவில்லை. அம்மன் தலையில் பூவை வைத்து, அது வலப்பக்கம் விழுந்ததை உத்தரவாக எடுத்துக்கொண்டு கூழ் ஊற்றினார்கள். அதற்கடுத்த ஆடியிலும் அப்படியே. புருஷன் போனதோட சாமியும் போயிடுச்சு என்று ஊர் சொன்னது. கெட்ட எண்ணத்தில் அல்ல. ரேஷன் அட்டையில் பெயர் நீக்கியதைச் சொல்வதுபோல், சாதாரணமாக.

"வருத்தமா இருக்குதாக்கா?" என்று போனில் கேட்டேன்.

"வருத்தம் இன்னாடா வருத்தம். அது வந்துட்டுப் போனா ரெண்டு நாளு உடம்பு வலிதான்." பிறகு சொன்னாள். "ஆனா வருசத்துல ஒரு நாளு எல்லாரும் என் பேச்சக் கேட்டாங்க சேகரு."

அந்தப் போனை வைத்துவிட்டு அலுவலகக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். பொத்தானின் நிறம் பச்சையா நீலமா என்பது பற்றிய கூட்டம். என் கருத்தைக் கேட்டார்கள். பூ எந்தப் பக்கம் விழுகிறதோ அது என்று சொல்லியிருக்கலாம். நீலம் என்றேன்.

4

போன வருடம் கோடை விடுமுறையில் யாழினி குழுவோடு திருவண்ணாமலைக்குக் கிளம்பினாள். செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு காபிக் கடையின் மாடியில் வாசிப்பதாக ஏற்பாடு. மொழிபெயர்ப்பாளராக நானும் ஒட்டிக்கொண்டேன்.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"இன்னா சார் இது?"

"ஆர்மோனியம் மாதிரி சார். கரெண்ட்ல வேலை செய்யும்."

"வாசிக்கச் சொல்லுங்க."

பெக்கா பாத்திர அலமாரிப் பாட்டை வாசித்துக் காட்டினார். அதிகாரி முழுவதும் கேட்டார். பிறகு அனுதாபத்தோடு, "ரிப்பேரா இருக்குது போல. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

திருவண்ணாமலையில் வெள்ளைக்காரர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேட்டி கட்டிய ஜெர்மானியர்களும் சைக்கிள் ஓட்டும் இத்தாலியப் பாட்டிமார்களும் நிறைந்த சாலையில், மழைக்கோட்டு போட்ட மூன்று ஃபின்லாந்துக்காரர்கள் கணக்கிலேயே வரவில்லை. ஆட்டோக்காரர்கள் அவர்களிடம் கேள்வி கேட்காமலே ஆசிரம வாசலில் இறக்கிவிட்டார்கள். என்னைத்தான் நிறுத்தி, "சார் எந்த ஊரு? ரூம் வேணுமா?" என்றார்கள். நான் பிறந்த தெரு அங்கிருந்து நடக்கிற தூரம்.

காபிக் கடை மாடியில் கச்சேரி நன்றாகவே நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சொந்த நாட்டிலேயே தனக்கு இவ்வளவு நல்ல ரசிகர்கள் கிடைத்ததில்லை என்று பெக்கா நெகிழ்ந்தார். அதாவது, "பரவாயில்லை" என்றார்.

மறுநாள் குமார் போன் செய்தான். குமார் மாமாவின் தம்பி. திருவிழாக் கமிட்டியில் இருக்கிறான்.

"மச்சான், டவுன் பாட்டுக் கச்சேரிக்காரன் காலை வாரிட்டான். ஒரே நாள்ல ரெண்டு ஊருக்கு ஒத்துக்கினு இருக்கான். உங்க ஆளுங்க சும்மாதான இருக்காங்க?"

"அவங்க பாட்டு நம்ம ஊருக்கு ஆகாது குமாரு."

"சத்தம் வருமா?"

"வரும்."

"லைட்டு எரியுமா?"

"பெட்டில சின்னச் சின்னதா எரியும்."

"அது போதும் மச்சான். ஜாஸ்தி யோசிக்காதீங்க."

ஒலிபெருக்கி அனுமதிக்காகக் காவல் நிலையத்துக்கு என்னையும் கூட்டிப்போனான். என்ன பாட்டு என்று கேட்டார்கள். பனி வாரும் வண்டி பற்றி என்றேன். அரசியல் இருக்குமா என்றார்கள். அது நகராட்சி வண்டி சார் என்றேன். "அப்ப அரசியல்தான்" என்று சொல்லிவிட்டு ஒருவர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஃபின்லாந்தில் இதே அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பித்து மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். நகைச்சுவையும் இருக்காது.

ஊருக்குள் நுழைந்தால் பெரிய பேனர். 'பின்லாந்து புகழ் ஆறின கஞ்சி இன்னிசைக் குழு.' அதன் கீழே ஒரு பெரியவர் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா குமாரு, கூழு ஊத்துற எடத்துல கஞ்சி எதுக்கு?"

"அது வேற கட்சி பெரியப்பா."

5

அன்று நண்பகலில் பம்பை முழங்கியது. நான் அண்டா கழுவும் இடத்துக்குப் போய் அக்காவின் பக்கத்தில் நின்றேன். அவள் புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயில் பக்கம் பார்க்காமல் நின்றாள். ஆனால் அவளுடைய வலது பாதம் மட்டும் மண்ணில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பம்பைக்காரர் ஏகாம்பரம் தொண்டை கட்டும்வரை பாடினார். பாதம் நின்றுவிட்டது.

"பூ பாக்கச் சொல்லு. கூழு ஆறிடப்போவுது" என்றாள் அக்கா.

பூ பார்த்தார்கள். கூழ் ஊற்றினார்கள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கச்சேரி தொடங்கியது. முதல் இரண்டு பாட்டுகளை ஊர் மரியாதையாகப் பொறுத்துக்கொண்டது. மூன்றாவது, பனி வாரும் வண்டி. அடியில் ஒரே சுருதி நிற்க, மேலே தாளம் மெல்லத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். இருபது தடவை கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது அக்கா ஊர்ப் பம்பையின் நடை என்பது எனக்கு உறைத்தது. யாழினி அதை எங்கேயிருந்து எடுத்திருப்பாள் என்பதும் கூடவே உறைத்தது. பின்னால் நின்ற இரண்டு ஆடியிலும் அக்கா கைபேசியைக் கோயில் பக்கம் திருப்பி அவளுக்குக் காட்டியிருந்தாள்.

பின்னால் பெண்கள் குலவையிட்டார்கள். திரும்பினேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, ஈரக் கையோடு, முடி அவிழ்ந்து அக்கா வந்துகொண்டிருந்தாள். நடக்கவில்லை, தரையே அவளைக் கொண்டுவந்து கொடுத்ததுபோல் இருந்தது. குமார் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மச்சான், நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. அண்ணி மேல வந்த சாமி மலை ஏறுற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

அந்த நேரம் பார்த்துப் பெட்டி நின்றது. நால்வரும் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா பாதி வழியில், பிடிமானம் இல்லாதவளாய், ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். அந்த ஊரில் அவ்வளவு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. பெக்கா அதை உச்சகட்டப் பாராட்டாக எடுத்துக்கொண்டார் என்பது அவர் காது மடல் சிவந்ததில் தெரிந்தது.

நான் மேடையோரம் ஓடினேன். ஃபின்னிஷில் சொல்லத் தொடங்கினேன். அவள் என் அக்கா, அவளுக்குள் இப்போது வேறொருவர் இருக்கிறார், அவர் போகும்வரை இசை தேவை, அவர் என்பது பெண், பெண் என்றால் தெய்வம். பெக்கா பொறுமையாகத் தலையசைத்தார். "எவ்வளவு நேரத்துக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

யாழினி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கீழே நின்ற ஏகாம்பரத்தைப் பார்த்தாள். பெட்டியை ஒதுக்கிவிட்டு, இரண்டு விரலால் சிந்தசைசரின் அடிக்கட்டைகளை அதே நடையில் தட்டத் தொடங்கினாள். ஏகாம்பரம் பம்பையைத் தூக்கி அந்த நடையோடு சேர்ந்து அடித்தார். சாய்ந்த அக்கா நிமிர்ந்தாள்.

"என்னப் பின்னால நிக்க வெச்சது யாருடா?"

ஊர்த் தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அவ கழுத்துல தாலி இருக்குதா இல்லையான்னு பாத்துதான் நான் வரணுமா? சொல்லுங்கடா."

"தெரியாத நடந்துபோச்சு தாயே" என்றான் குமார். அவன் அழுதுகொண்டிருந்தான்.

அக்கா மேடை ஏறினாள். யாழினியின் நெற்றியில் விபூதி பூசினாள். இரண்டு யூஹாக்களுக்கும் பூசினாள். பெக்கா நெற்றியைக் காட்டிக் குனிந்து, வாங்கிக்கொண்டு, தன் மொழியில் நன்றி சொன்னார். அடுத்து நான். கை அருகே வந்து நின்றுவிட்டது.

"இவன் யாருடா?"

"உங்க தம்பி தாயே. சேகரு. வெளிநாட்டுல இருக்காரு" என்றான் குமார்.

அக்காவின் கண்கள் என்னைப் பார்த்தன. அவற்றில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை.

"வந்துட்டானா? இல்ல போறானா?"

அதற்கு எத்தனையோ விதமாகப் பதில் சொல்லியிருக்கலாம். "வர்ற புதன்கிழமை ஃப்ளைட்டு, தாயே" என்றேன்.

என் நெற்றியில் பூசாமலே அந்தக் கை இறங்கியது. யாரோ கற்பூரத்தை நீட்டினார்கள். எரிகிற கற்பூரத்தை வாயில் போட்டுக்கொண்டு அக்கா மெதுவாகச் சரிந்தாள். பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள். யாழினி அப்போதுதான் விரலை எடுத்தாள்.

மறுநாள் அக்காவுக்கு எதுவும் நினைவில்லை. "பேசுச்சாமே. இன்னாடா பேசுச்சு?" என்று என்னிடமே கேட்டாள். ஊரைப் பற்றிப் பேசியதைச் சொன்னேன். என்னைக் கேட்டதைச் சொல்லவில்லை.

6

இந்த வருடம் தை பிறந்ததுமே அக்கா போன் செய்தாள். "யாழினிய ஆடிக்கு அனுப்பிடு. அந்தக் கோட்டு போட்ட ஆளுங்களையும் வரச் சொல்லு. கமிட்டில கேட்டுக்கினே இருக்காங்க."

"எனக்கு இந்தத் தடவை லீவு கம்மிக்கா."

"பரவால்லடா. அதான் பொண்ணு வருதில்ல."

லீவு கம்மி என்பது பொய் இல்லை. குளிர்காலத்தில் முதுகுவலிக்குப் பாதியைக் கொடுத்துவிட்டேன். மீதியைக் கேட்டு வாங்கியிருக்கலாம். யாழினி டிக்கெட் எடுப்பதற்கு முன், "ரெண்டு தேதி இருக்குதுப்பா, உங்களுக்கு எது வசதி?" என்று குறுஞ்செய்தி அனுப்பினாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று போட்டேன். யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

இப்போது, இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் வந்துவிட்டது. அக்காவின் எண். தொண்டை கட்டிய குரல்.

"சேகரு. வந்துச்சாம்டா."

"பாட்டு வாசிச்சப்பவா?"

"இல்லடா. மத்தியானமே. பம்பை எடுத்தவொடனே வந்துச்சாம். ஒயரு கூட மாட்டலையாம் இதுங்க. இந்த வருசம் குமாரு காலையிலயே வந்து என்ன முன்னால கூட்டினு போயி நிக்க வெச்சான். கால் நடுங்குச்சு, அவ்ளோதான் தெரியும்."

"உத்தரவு?"

"நான்தான் கொடுத்தனாம்." சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வெகு நாளாகிறது.

"அக்கா, சாமி என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டுச்சா?"

"எனக்கு எப்பிட்ரா தெரியும்? இரு, இத கேளு."

கை மாறியது. பின்னணியில் யாரோ கரண்டியால் அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். யாழினி என் கேள்வியைப் பக்கத்திலிருந்தே கேட்டிருக்கிறாள்.

"இல்லப்பா. சாமி கேக்கல. நான்தான் கேட்டேன்."

"இன்னான்னு?"

"எங்கப்பா எப்ப வருவாருன்னு."

"அதுக்கு?"

"ஒண்ணும் சொல்லல. விபூதி கொடுத்துச்சு. ரெண்டு பேருக்குன்னு ரெண்டு கையும் நீட்டுனேன், ரெண்டுலயும் போட்டுச்சு."

"ஒரு பொட்டலம் மடிச்சு எடுத்துட்டு வா" என்றேன்.

"காத்து அடிச்சுதுப்பா, கையில நிக்கல. கொட்டிடப்போவுதுன்னு உங்களுதையும் நானே பூசிக்கினேன்."